இழை எடுக்கும் நேரம் மட்டும்: வளவுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்காளிகளுக்கும் ஆச்சிமார்களுக்கும்,

திருக்கார்த்திகையிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்துவிட்டோம். 21ஆம் நாள், சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும்போது நம் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. நூலிழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, பெரியவர் நீட்டும் அந்தச் சுடரை ஒவ்வொருவரும் கையில் வாங்கிக்கொள்வதைத்தான் இழை எடுப்பது என்போம். சென்னை, கோவை, பெங்களூர் என்று பிரிந்து கிடக்கும் நாம், பங்காளிகளுக்குப் பொதுவான பூர்வீக வீடான வளவில் ஒன்றாக உட்காரும் ராத்திரி அது. ஆனால் உட்கார்ந்தும் ஆளுக்கொரு போனில் மூழ்கிவிடுகிறோம். செட்டிநாட்டில் வேறு வீடுகளிலும் இதே மனக்குறை உண்டு என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

போன வருஷம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பெரியப்பச்சிக்கு, அதாவது பெரியப்பாவுக்கு, அப்போது 84 வயது. புதுக் கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 நூலிழையைத் திரித்து, மாவில் வைத்து, நெய் தொட்டு ஏற்றி, பேரனிடம் நீட்டிக்கொண்டு நின்றார். வாங்க வேண்டிய கை போனைப் பிடித்திருந்தது. "ஒரு நிமிஷம் ஐயா, வெளிச்சம் சரியா விழல." உருகிய நெய் அவர் விரலில் இறங்குவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் நடுங்கியது. சுடர் அணைந்தது. ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஏற்றினார்.

அந்த வீடியோ நம் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் இருக்கிறது. கையும் சுடரும்தான் தெரிகின்றன. அவர் முகம் அதில் இல்லை.

பிள்ளையைக் குறை சொல்லவில்லை. பெரியவர்கள் நாமும் அப்படித்தான் இருந்தோம். பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த ஆச்சி இரண்டாம் கட்டிலிருந்து நாலு தடவை குரல் கொடுத்தும் பட்டாலையில் உட்கார்ந்திருந்த ஒருவரும் போனிலிருந்து நிமிரவில்லை. கடைசியில் "சாப்பிட வாங்க" என்று குழுவில் போட்டார். உடனே எல்லோரும் எழுந்தோம். எனக்கு இன்னும் ஆறவில்லை.

போனே கூடாது என்று சொல்ல வரவில்லை. நம் ஐயாக்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனால், மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். பிள்ளை பிறந்த சேதி கப்பலில் கடிதமாகப் போகும். அப்பச்சியை முதல்முதலாகப் பார்க்கும்போது அந்தப் பிள்ளை ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். இன்று என் தங்கை சிட்னியில் இருக்கிறாள். தினமும் அவள் முகம் பார்த்துப் பேசுகிறேன். அதை எப்படி வேண்டாம் என்பேன்? தூரத்தில் இருப்பவர்களுக்காக வந்த பொருள், எதிரே உட்கார்ந்திருப்பவர்களை மறைக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அப்பத்தா முடைந்த ஓலைக் கொட்டான் (கூடை) ஒன்றை முகப்பில் வைக்கிறேன். இழை எடுக்கத் தொடங்குமுன் எல்லோரும் போனை அதில் போட்டுவிடுங்கள். ஒரே ஒரு போன் மட்டும் குத்துவிளக்குக்கு எதிரே தூணில் சாய்ந்திருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அதில் பார்க்கட்டும். இங்கே ராத்திரி ஏழு மணி என்றால் சிட்னியில் நள்ளிரவு தாண்டி அரை மணி. பிறந்த வீட்டு நோன்பைப் பார்க்க விழித்திருப்பதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். மிஞ்சிப்போனால் முக்கால் மணி நேரம். அப்புறம் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுங்கள். பெரியப்பச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் முகம் விழுகிற மாதிரி எடுங்கள்.

முந்தின நாளே வந்துவிடுகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள். நோன்புக்கு ஆவாரம்பூ பறிக்கக் கண்மாய்ப் பக்கம் சேர்ந்தே போகலாம்.

அன்புடன்,
ஊரில் இருக்கும் உங்கள் பங்காளி