ரத்னகிரியில் காலியாகத் திரும்பிய கார்

பாப்பா,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். மகாராஷ்டிரா ரத்னகிரியில் அந்தச் சிவப்பு மாளிகை முன்னால் நீயும் அந்தப் பையனும் நிற்கிறீர்கள், அது யார் வீடு என்று கேட்டாயா? பர்மாவின் கடைசி ராஜா திபாவின் வீடு.

1885 நவம்பரில் வெள்ளைக்காரர்கள் அவரையும் ராணியையும் மண்டலே அரண்மனையிலிருந்து மாட்டு வண்டியில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய்க் கப்பல் ஏற்றிவிட்டார்கள். பெரிய பெண்ணுக்கு ஐந்து வயது, அடுத்தவளுக்கு இரண்டு. வழியில் சில மாதம் நம்ம சென்னையில் வைத்திருந்தார்கள், மூன்றாவது பெண் பிறந்தது இங்கேதான். நாலாவது ரத்னகிரியில். நீ பார்த்த மாளிகையைக் கட்டி முடித்ததே 1910-ல், அதுவரை பங்களாக்களில் காலம் தள்ளினார்கள்.

நாலும் பெண்கள், வயதும் ஏறிக்கொண்டே போகிறது. பர்மாவிலிருந்து மாப்பிள்ளைப் பட்டியல் வந்தாலும் ராஜவம்சம் இல்லை என்று ராஜா தட்டிக் கழித்தார். நாடே கையில் இல்லை, வம்சம் மட்டும் வேண்டுமாம்! பெரியவள் அங்கேயே வேலை பார்த்த கோபால் சாவந்த் என்பவர் மூலம் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானாள். அவருக்கு ஏற்கனவே மனைவி உண்டு, அதை நான் நியாயப்படுத்தவில்லை. 1919-ல் குடும்பம் பர்மா திரும்பியபோது அவளும் போனாள், ஆனால் கொஞ்ச நாளில் மகளோடு ரத்னகிரிக்கே வந்துவிட்டாள். 1947-ல் வறுமையில் செத்துப்போனாள். மகள் டூட்டூ மராத்திக்காரியாகவே வளர்ந்து, மராத்திக்காரரையே கட்டிக்கொண்டாள்.

என்னைத் தூங்கவிடாதது இரண்டாமவள் கதை. 1916-ல், முப்பத்து மூன்று வயதில், அப்பாவிடம் வேலை பார்த்த ஒருவரோடு வீட்டை விட்டுப் போய்விட்டாள். கூட்டி வரச் சொல்லி ராஜா காரை அனுப்பினார், கார் காலியாக வந்தது. அதைப் பார்த்ததுமே மனிதருக்கு நெஞ்சுவலி என்பார்கள். டிசம்பரில் போய்விட்டார், சமாதியும் அங்கேதான். அந்த ஜோடி கல்யாணம் செய்துகொண்டு, பிறகு டார்ஜிலிங் பக்கத்துக் காலிம்போங்கில் குடியேறி கடைசிவரை ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

போன தீபாவளிக்கு நீ அந்தப் பையனைப் பற்றிப் போனில் சொன்னபோது நான் பதில் சொல்லாமல் உன் அம்மாவிடம் போனைக் கொடுத்தேன் இல்லையா, அது தப்பு.

பொங்கலுக்கு அவனையும் அழைத்து வா. ஸ்டேஷனுக்கு நானே காரை எடுத்து வருகிறேன். டிக்கெட் இப்போதே போட்டுவிடு, அந்த வாரம் வெயிட்டிங் லிஸ்ட் ரொம்ப நீளும். அப்புறம், அவன் கத்தரிக்காய் சாப்பிடுவானா என்று அம்மா கேட்கிறாள்.

அப்பா