கோழித்தீன் மூடைகளில் கிடைக்கக்கூடிய பொஸ்பரஸ் அளவையும் பைற்றேஸ் நொதிய அளவையும் குறிப்பிடுவதைக் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்: சிறு இறைச்சிக்கோழிப் பண்ணையாளர், அவிசாவளை, கொழும்பு மாவட்டம்.

பெறுநர்: செயலாளர், கால்நடை வளங்களுக்குப் பொறுப்பான அமைச்சு.

மதிப்பிற்குரிய ஐயா,

அவிசாவளையில் ஒரு தடவைக்கு ஐந்நூறு புரொயிலர் குஞ்சுகள் வீதம் வளர்த்துக் குடும்பம் நடத்தும் நான், கடந்த தொகுதியில் எனக்கு நேர்ந்த இழப்பையும் அதன் வழியே எழுந்த கோரிக்கையையும் தங்களின் மேலான கவனத்திற்குச் சமர்ப்பிக்கின்றேன்.

பதினான்காம் நாள் காலையில் தீன் போட்டபோது, வழமையாகத் தட்டை மொய்க்கும் குஞ்சுகளில் நாற்பதளவில் எழும்ப மாட்டாமல் முழங்காலில் குந்தியிருந்தன. ஒன்றைக் கையிலெடுத்து அலகை விரலால் அமத்தினேன். இறப்பர் போல வளைந்தது. இறந்த குஞ்சொன்றை அறுத்துப் பார்த்த மிருக வைத்தியர், முறியாமல் வளைந்த கால் எலும்பைக் காட்டி, இது பொஸ்பரஸ், கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றுள் எதன் குறைபாட்டாலும் வரலாம் என்றும், தீனில் கிடைக்கக்கூடிய பொஸ்பரஸ், அதாவது குஞ்சின் உடல் உறிஞ்சக்கூடிய பொஸ்பரஸ், எவ்வளவு என்றும் கேட்டார். மூடையில் மொத்தப் பொஸ்பரஸ் அளவும் ‘நொதியம் சேர்க்கப்பட்டது’ என்ற ஒரு வரியுமே இருந்தன. விற்றவரிடமும் பதில் இல்லை.

மொத்த அளவு மட்டும் குஞ்சுக்கு உதவாது, ஐயா. சோளம், சோயாப் புண்ணாக்கு, அரிசித் தவிடு ஆகியவற்றிலுள்ள பொஸ்பரஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைற்றேற்று என்னும் சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கின்றது. அதை அவிழ்க்கும் பைற்றேஸ் நொதியம் கோழிக்குடலில் போதியளவு சுரப்பதில்லை. இளங்குஞ்சில் இக்குறை இன்னும் கூடுதலாகும். முதல் மூன்று வாரங்களுக்குத் தீனில் பைற்றேற்று அல்லாத பொஸ்பரஸ் 0.45 சதவீதமும் கல்சியம் 1 சதவீதமும் வேண்டுமென அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் 1994இல் வகுத்த அளவு இன்றும் எடுத்தாளப்படுகின்றது. கிலோவுக்கு 500 அலகு பைற்றேஸ் சேர்ப்பது உலகெங்கும் வழக்கமாயினும், பாதுகாப்புப் பூச்சில்லாத நொதியம், தீனை அழுத்திப் பெல்லட் என்னும் குறுணிகளாக அடிக்கும் சூட்டில், அதாவது 80 பாகை செல்சியசுக்கு மேல், பெருமளவு செயலிழந்துவிடக்கூடும். கல்சியம் மிகுந்தாலும் அதன் வேலை குன்றும். எனவே கலவை இயந்திரத்தில் கொட்டிய அளவன்று, குஞ்சின் தட்டுக்கு வந்துசேரும் அளவே எங்களுக்கு வேண்டியது.

இது எலும்போடு முடியும் விடயமுமன்று. நொதியத்தை நம்ப முடியாதவர்கள், வெளிநாட்டுச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்யும், பொஸ்பரஸ் தரும் டைகல்சியம் பொஸ்பேற்று உப்பை அளவுக்கு மிஞ்சிக் கலக்கின்றனர். குஞ்சு ஏற்காத மிச்சம் எச்சத்தோடு வெளியேறி, மழைக்கு ஓடைகளில் கலந்து களனி கங்கையைச் சேர்கின்றது. கொழும்பு நகருக்கான குடிநீர் அம்பத்தளையில் எடுக்கப்படுவதும் அதே கங்கையிலிருந்துதான்.

ஆகவே, 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டத்தின் ஏற்பாடுகளுக்கமைய, ஸ்டாட்டர் தீன் (இளங்குஞ்சுகளுக்கான தொடக்கத் தீன்) மூடை ஒவ்வொன்றிலும் கிடைக்கக்கூடிய பொஸ்பரஸ், கல்சியம் ஆகியவற்றின் சதவீதத்தையும், பெல்லட் அடித்த பின்னர் அளந்த பைற்றேஸ் அலகையும், அவ்வலகு எத்தேதி வரை நிலைக்கும் என்பதையும் மும்மொழியிலும் அச்சிடுவதைக் கட்டாயமாக்குமாறு தாழ்மையுடன் வேண்டுகின்றேன். சந்தேகத்திற்குரிய தீனைச் சிறு பண்ணையாளர் குறைந்த கட்டணத்தில் பரிசோதிப்பதற்குக் கொழும்பிலேயே வசதியொன்றை ஏற்படுத்தித் தருவதும் பேருதவியாகும்.

மிருக வைத்தியரின் அறிக்கையையும் மூடையில் தைக்கப்பட்டிருந்த சிட்டையையும் இத்துடன் இணைத்துள்ளேன். அத்தீனில் இரண்டு கிலோவை இறுகக் கட்டி வைத்திருக்கின்றேன். தங்கள் அலுவலர்கள் கேட்கும் நாளில் நேரில் கொண்டுவந்து ஒப்படைப்பேன்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்