2026இன் வானம்: முருகேசனுக்கு ஒரு கடிதம்

தூத்துக்குடி,
19-1-2026

அன்புள்ள முருகேசனுக்கு,

பொங்கல் வாழ்த்தோடு நீ எழுதிய கடிதமும், உன் பேத்தி இணையத்திலிருந்து அச்செடுத்து இணைத்திருந்த இந்த ஆண்டுக்கான வான நிகழ்வுப் பட்டியலும் கிடைத்தன. அவளுக்குத் தொலைநோக்கி வாங்கிக் கொடுத்ததை உன் மருமகள் வீண்செலவு என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். வியாழனின் நான்கு நிலவுகளை ஒருமுறை அவருக்கும் காட்டிவிட்டால் அந்தப் பேச்சு அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். என் செய்தி என்னவென்றால், வலது கண்ணின் புரை அறுவை சிகிச்சை கார்த்திகையில் நல்லபடியாக முடிந்தது. பழைய லென்ஸ் மஞ்சளித்துப் போய் நீல நிறத்தைத் தடுத்துக்கொண்டிருந்ததால், இப்போது அந்தக் கண்ணால் பார்க்கும்போது சிரியஸ் விண்மீன் நீலம் கலந்த வெள்ளையாகவும், இடது கண்ணால் பார்க்கும்போது பழுப்பேறிய வெள்ளையாகவும் தெரிகிறது. மருத்துவர் இடது கண்ணுக்கும் நாள் குறிக்கிறார். இந்த வேடிக்கையைக் கொஞ்ச நாள் அனுபவித்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு வருகிறேன்.

பட்டியலில் எதற்கெல்லாம் விழித்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். பாதிக்கு மேல் நாம் அடித்துவிடலாம் என்பதே என் கருத்து. அதைத் தயாரித்தவர் வடக்கே நாற்பது, ஐம்பது டிகிரி அட்சரேகையில் இருக்கும் ஒருவர் என்பது பார்த்ததுமே தெரிகிறது. தெற்கு வானத்தைப் பற்றி ஒரு வரிகூட அதில் இல்லை. நான் இருக்கும் ஊர் ஒன்பது டிகிரிக்கும் குறைவு, நீ இருக்கும் கோயம்புத்தூர் பதினொன்று. அத்துடன் நமக்கு மழைக்கணக்கு வேறு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகம் உன் வானத்தை மூடும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என் வானத்தை மூடும். எனவே நமக்கென்று ஒரு நாட்காட்டி எழுதினால், அது ஜனவரியிலிருந்து மே வரை கனத்தும், ஆண்டின் பிற்பாதியில் மெலிந்தும்தான் இருக்கும். காவலூர் வானாய்வகத்திலும் தெளிந்த இரவுகள் மிகுதியாகக் கிடைப்பது இந்த மாதங்களில்தான். வானியலாளர் வைணு பாப்பு 1960களில் ஜவ்வாது மலையில் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு, அங்கிருந்து வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியையும் பார்க்க முடியும் என்பது முக்கியக் காரணம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்தக் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று காட்டிய பதிவுகளில் ஒன்று அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியில் எடுக்கப்பட்டது என்பதைப் பேத்திக்குச் சொல்.

இப்போதைக்கு வியாழன் இருக்கிறது. ஜனவரி 10 அன்று அது சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. பட்டியல் அந்த ஒரு நாளை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து, நாள் போய்விட்டதே என்று அவள் வருந்த வேண்டாம். எதிர்நிலைக்கு முன்னும் பின்னும் பல வாரங்கள் அதன் ஒளியிலோ உருவத்திலோ கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு இருக்காது. மிதுனத்தில், புனர்பூசத்தின் இரட்டை விண்மீன்களுக்கு அருகே, இரவு முழுவதும் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்ததும் அப்படியே தெற்கே திரும்பச் சொல். நேற்று தை அமாவாசை. பதினொரு மணியளவில் மாடியில் நின்றபோது, சிரியஸுக்கு வெகு கீழே அகத்தியர் நட்சத்திரம் அடிவானத்திலிருந்து இருபத்தெட்டு டிகிரி உயரத்தில் நின்றது. வானத்தின் இரண்டாவது பிரகாசமான விண்மீன் அது. லண்டன்காரருக்கு ஆண்டின் எந்த நாளிலும் உதிக்காது. பட்டியலில் அது இல்லாததன் காரணம் இப்போது புரிந்திருக்கும்.

மார்ச் 3, செவ்வாய்க்கிழமை, சந்திர கிரகணம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் பட்டியலில் "முழு கிரகணம், செந்நிலவு" என்று போட்டிருப்பதைப் பார்த்து உன் தெருப் பிள்ளைகளெல்லாம் கூடிவிட்டுப் பிறகு ஏமாறக்கூடாது. முழு மறைப்பு நம் நேரப்படி மாலை 4.34க்குத் தொடங்கி 5.33க்கு முடிந்துவிடும், அப்போது நமக்கு நிலவே உதித்திருக்காது. அசாம், அருணாசலப் பிரதேசம் போன்ற வடகிழக்குப் பகுதிகளில் நிலவு சீக்கிரம் உதிப்பதால், அங்கே உள்ளவர்கள் செந்நிலவின் கடைசிக் கட்டத்தைப் பார்க்கலாம். பூமியின் கருநிழல் நிலவை விட்டு முற்றிலும் விலகுவது 6.48க்கு. சென்னையில் ஆறே கால் மணிக்குச் சற்றுப் பின் நிலவு எழும் என்பதால் அங்கே ஏறக்குறைய அரை மணி நேரம் கிடைக்கும். எனக்குக் கடலுக்கு மேலே ஆறரை மணியையொட்டி எழும், கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் கிடைக்கலாம். உனக்கு அதைவிடக் குறைவு, கிழக்கே கட்டடம் மறைத்தால் அதுவும் போயிற்று. ஆகவே நாம் பார்க்கப்போவது ஓரம் கடிபட்ட ஒரு நிலவைத்தான். ஆனால் பேத்தியிடம் முன்கூட்டியே ஒரு கேள்வி கேட்டு வை: அந்தக் கடி நிலவின் எந்தப் பக்கம் இருக்கும்? நிலவு தன் பாதையில் கிழக்கு நோக்கி நகர்ந்து நிழலை விட்டு வெளியேறுகிறது. எனவே முதலில் வெளிச்சத்துக்கு வருவது அதன் கிழக்கு விளிம்பு, கடைசிவரை நிழலில் இருப்பது மேற்கு விளிம்பு. உதிக்கும் நிலவில் கிழக்கு விளிம்பு அடிவானத்தைப் பார்த்துக் கீழே இருக்கும் என்பதால், இருட்டு மேற்பக்கத்தில் தெரியும். அவளே தாளில் வரைந்து கண்டுபிடித்துவிட்டு அன்று மாலை சரிபார்த்தாளானால், தொலைநோக்கி வாங்கிய பணம் வசூலாகிவிட்டது என்று வைத்துக்கொள்.

அந்த நிலவு மக நட்சத்திரத்தைத் தாண்டிச் சிம்ம ராசியில் நிற்கும். மாசி மகத்தையொட்டிய பௌர்ணமி அல்லவா. நம் பண்டிகைக் காலண்டரே ஒரு வான நிகழ்வுப் பட்டியல்தான் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. தைப்பூசத்தன்று, அதாவது வரும் பிப்ரவரி 1 அன்று, முழுநிலவு கடகத்தில் பூசத்தின் பக்கம் இருக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் பங்குனி உத்திரத்தன்று சிம்மத்தின் வால்பக்கத்தைக் கடந்திருக்கும். நவம்பர் 24 அன்று கார்த்திகை தீபத்துக்கு அது கார்த்திகைக் கூட்டத்தை மிக நெருங்கி நிற்கும், மழை விட்டால் பைனாகுலரில் பார்க்கலாம். பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று வாதாடியவர்களில், சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியை நான் பெரிதும் மதிக்கிறேன். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பற்றி மக்களுக்காக எழுதி வெளியிட்டவர். புதிய கணக்குகளின்படி திருக்கணிதப் பஞ்சாங்கமும் கொண்டுவந்தவர். பழைய வாக்கியக் கணக்கா, புதிய திருக்கணிதமா என்ற சண்டையை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் விட்டபாடில்லை. கிரகண நேரத்தைப் பொறுத்தவரை அந்தச் சண்டைக்கு வானமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

ஏப்ரல், மே மாதங்களின் எரிநட்சத்திரப் பொழிவுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹாலி வால்நட்சத்திரம் விட்டுச்சென்ற துகள்களால் மே 6ஐ ஒட்டி விடியற்காலையில் நிகழும் பொழிவு, வடக்கத்தியர்களைவிட நமக்கு நன்றாகத் தெரியக்கூடியது. ஆனால் இந்த ஆண்டு மே 1 பௌர்ணமி, ஆகவே தேய்பிறை நிலவு காரியத்தைக் கெடுக்கும். மே 31 அன்று அதே மாதத்தில் இரண்டாம் பௌர்ணமி வருவதை "ப்ளூ மூன்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். நிலவு நீலமாக இருக்காது, வேறு எந்த வகையிலும் மாறியும் இருக்காது. ஆங்கில மாதக் கணக்கால் வருகிற ஒன்று, அடித்துவிடு.

அந்த இடத்தில் நான் எழுத விரும்புவது மே 16, சனிக்கிழமை, அமாவாசை இரவு. அன்று பட்டியல்படி எதுவும் இல்லை. ஆனால் ஒன்பது மணியளவில், தென்சிலுவை என்றும் திரிசங்கு என்றும் சொல்கிறோமே, அது தெற்கே நேராக நிமிர்ந்து நிற்கும். மணப்பாடு கடற்கரையிலிருந்து பார்த்தால் இருபது டிகிரிக்கு மேல் உயரம். பத்து மணியளவில் அதற்கு இடப்பக்கம் மேலே ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து வரும்: வெறும் கண்ணுக்கு மங்கிய விண்மீன் போலவும், பைனாகுலரில் பஞ்சு போலவும் தெரியும்; தொலைவு ஏறக்குறைய 17,000 ஒளியாண்டு, அதில் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரு கோடி. பதினொன்றரை மணியளவில் ஆல்ஃபா சென்டாரி தன் உச்சத்துக்கு வரும், நமக்கு 4.3 ஒளியாண்டில் இருக்கும் அண்டை வீட்டுச் சூரியன். இவற்றைப் பார்ப்பதற்காக ஐரோப்பியர்கள் சிலிக்கும் நமீபியாவுக்கும் விமானச் சீட்டு வாங்குகிறார்கள். நமக்குப் பேருந்துக் கட்டணம் போதும். பதிலுக்கு நாம் இழப்பது துருவ நட்சத்திரம். இங்கே அது எட்டரை டிகிரியில் தூசிக்குள் கிடக்கிறது, பெரும்பாலான இரவுகளில் நான் அதைத் தேடுவதும் இல்லை.

ஜூன் 9 மாலை, வெள்ளியும் வியாழனும் மேற்கே இரண்டு டிகிரிக்கும் குறைந்த இடைவெளியில், அதே புனர்பூசத்துக்கு அருகே சேரும். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். முன்பின் சில நாட்களும் பார்க்கலாம் என்பதால், மேகத்தில் ஒரு கிழிசல் கிடைத்தாலும் போதும். ஜூனில் உன் ஊர்க் காற்றுக்கு அந்தக் கிழிசலை நம்பித்தான் இருக்க வேண்டும். ஆகஸ்ட் 12 முழு சூரிய கிரகணம் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஸ்பெயின் நாடுகளுக்குரியது; உச்சம் நம் இரவு பதினொன்றே காலுக்கு என்பதால் நமக்கு அதில் பங்கில்லை. ஆகஸ்ட் 28 பகுதிச் சந்திர கிரகணமும் நம் காலை நேரத்தில் வருகிறது. ஆனால் அந்தச் சூரிய கிரகணம் நமக்கு ஓர் உதவி செய்கிறது: அன்று அமாவாசை என்பதால் அதே இரவின் பெர்சீட் எரிநட்சத்திரப் பொழிவுக்கு நிலவொளி இடையூறு இல்லை. மணிக்கு நூறு என்று பட்டியல் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. எரிநட்சத்திரங்கள் புறப்பட்டு வருவதுபோல் தோன்றும் புள்ளி தலைக்கு நேர் மேலேயும், வானம் முற்றிலும் இருண்டும் இருந்தால் என்று போட்ட கணக்கு அது. நமக்கு அந்தப் புள்ளி இரவு பதினொரு மணிக்குத்தான் வடகிழக்கில் எழும். விடியும் வேளையில்கூட நாற்பது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நான்கு மணிக்கு எழுந்து பார், அதற்குமுன் தூங்கு.

செப்டம்பரில் வெள்ளி நம் பக்கம் நிற்கிறது. ஆகஸ்ட் கடைசியில் சித்திரை நட்சத்திரத்தின் அருகே வந்து, செப்டம்பர் மூன்றாவது வாரத்தையொட்டி உச்சப் பிரகாசத்தை எட்டி, அக்டோபர் 24 அன்று சூரியனுக்கும் நமக்கும் இடையில் புகுந்துவிடும். வட நாடுகளில் அந்த மாலைகளில் அது அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். நமக்கு வசதியான உயரத்தில் இருக்கும். தொலைநோக்கியில் அது நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே பிறையாக மெலிவதைப் பேத்தி வாரம் ஒருமுறை வரைந்து வைக்கட்டும். கலிலியோவுக்கு 1610இல் பூமி நடுவில் இல்லை என்பதற்கு உறுதியான சான்றாகப்பட்டது இந்தக் காட்சிதான். அக்டோபர் 4 அன்று சனி எதிர்நிலைக்கு வருகிறது. 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் நம்மை நோக்கி இருந்த வளையங்கள் இன்னும் ஒல்லியாகத்தான் தெரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, படங்களைப் பார்த்துவிட்டு எதிர்பார்க்கப் போகிறாள்.

அதன் பிறகு மழை. நவம்பர் நடுவில் செவ்வாயும் வியாழனும் சிம்மத்தில் நெருங்குவதை நான் பார்ப்பேன் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. டிசம்பர் 14ஐ ஒட்டிய ஜெமினிட் பொழிவை மட்டும் விட மனமில்லை. வால்நட்சத்திரத்திலிருந்து வராமல், 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தன் என்ற சிறுகோளிலிருந்து வருவது அது. புறப்படும் புள்ளி நள்ளிரவுக்குப் பின் நமக்கு அறுபத்தைந்து டிகிரிக்கும் மேல் ஏறிவிடும். வளர்பிறை நிலவும் பத்து மணியளவில் மறைந்துவிடும். மழை ஓய்ந்த இரவானால் இந்த ஆண்டின் சிறந்த பொழிவு இதுதான். மறுவாரம் டிசம்பர் 24, மார்கழித் திருவாதிரை. அன்றைய முழுநிலவு 3,57,000 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த தொலைவில் இருக்கும், இந்த ஆண்டில் மிக அருகில் வரும் பௌர்ணமி. மற்ற பௌர்ணமிகளோடு அருகருகே வைத்துப் பார்க்காமல் அதன் பெருமை கண்ணுக்குத் தெரியாது என்றாலும், நடராசர் தரிசனத்துக்குக் கோயிலுக்குப் போகிறவள் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கட்டும்.

மே 16க்கு நீயும் பேத்தியும் இங்கே வர வேண்டும். அவளுக்குப் பள்ளி விடுமுறையாகவே இருக்கும். தொலைநோக்கியைச் சுமந்து வர வேண்டாம், என்னிடம் இரண்டு பைனாகுலர் இருக்கிறது. ரயிலில் அறுபது நாட்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடும் என்பதால், மார்ச் நடுவுக்குள் உன் முடிவை எழுதிவிடு. மணப்பாட்டில் இரவு தங்குவதற்கு நான் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
இராமசாமி