பொகாசாவின் மகுடமும் பாரிஸின் பில்லும்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மத்திய ஆப்பிரிக்கப் ‘பேரரசர்’ பொகாசாவைப் பற்றி வந்த கட்டுரை சுவையாக இருந்தது. அந்தச் சுவைதான் சிக்கல். நரமாமிசம், நெப்போலியன் வேஷம், கூட்டம் கூட்டமாக மனைவியர் என்று எல்லாப் பக்கமும் ஒரு மனிதரின் கிறுக்குத்தனத்திலேயே தீர்ந்துவிட்டது. அந்தக் கிறுக்குக்குப் பதின்மூன்று வருஷம் படியளந்தது யார் என்று ஒரு பத்தி கூட இல்லை. போதாக்குறைக்கு, ‘வைரம் விற்ற காசில் முடிசூடினார்’, ‘மக்கள் பொங்கியெழுந்து விரட்டினர்’ என்று இரண்டு வரிகள். இரண்டுமே தவறு.

முதலில் ஆளைப் பார்ப்போம். ழான்-பெதல் பொகாசா 1939-இல் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரிலும் இந்தோசீனாவிலும் சண்டையிட்டு, கேப்டன் ஆனவர். பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவரைப் புதுச்சேரிப் பக்கம் ‘சொல்தா’ என்பார்களே, அந்த ரகம். கடைசிக் காலம் வரை பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியத்துக்கு உரியவர். 1960-இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் முதல் ஜனாதிபதி டேவிட் டாக்கோ அவருக்கு உறவுக்காரர். 1965 டிசம்பர் 31 இரவு, புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு நடுவே அவரைத்தான் பொகாசா கவிழ்த்தார். டாக்கோவின் பெயர் கடைசியில் மறுபடி வரும்.

பாரிஸ் கொஞ்சம் முகம் சுளித்தது, பிறகு ஏற்றுக்கொண்டது. 1967 நவம்பரில் சொந்த ராணுவத்தையே நம்ப முடியாமல் பொகாசா கேட்டபோது பிரெஞ்சு பாராசூட் படையினர் தலைநகர் பாங்குயியில் வந்து இறங்கினர். 1975 மார்ச்சில் பிரான்ஸ்-ஆப்பிரிக்கா உச்சி மாநாடே அங்கு நடந்தது. பிரெஞ்சு ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தேன் அந்த நாட்டுக் காடுகளுக்கு யானை வேட்டைக்குப் போய் வருபவர். பொகாசாவை உறவினர், நண்பர் என்று வெளிப்படையாகவே அழைத்தார்.

கட்டுரை தொடாமல் விட்ட இடம் நாணயம். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பணம் சி.எஃப்.ஏ. பிராங்க்; பிரான்சிடமிருந்து விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான நாணயம். அன்றைய விகிதம் 50 சி.எஃப்.ஏ.வுக்கு 1 பிரெஞ்சு பிராங்க், கூடாது, குறையாது. மாற்றித் தருவதற்குப் பிரெஞ்சுக் கருவூலம் பொறுப்பு. அதற்கு ஈடாக அந்த வட்டார மத்திய வங்கி தன் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் 65 சதவீதத்தைப் பாரிஸ் கருவூலத்தில் வைக்க வேண்டியிருந்தது (1973-க்கு முன்பு 100 சதவீதம்). அந்த வங்கியின் தலைமையகமே 1977 வரை பாரிஸில்தான் இருந்தது.

ஒரு சர்வாதிகாரிக்கு இதில் லாபமும் உண்டு, கண்ணியும் உண்டு. உகாண்டாவின் இடி அமீன் நோட்டை அடித்துத் தள்ளினார், ஷில்லிங் மண்ணாய்ப் போனது. பொகாசா பாங்குயியில் எழுதும் செக்குக்கோ பாரிஸ் நகைக்கடையில் மதிப்பு இருந்தது. ஆனால் அச்சகம் அவர் கையில் இல்லை. பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் நோட்டு அடித்துச் சம்பளம் போட முடியாது. பிரெஞ்சு உதவித்தொகை வந்தாக வேண்டும். ஆசிரியர்களிலும் அரசு ஆலோசகர்களிலும் பலர் பிரெஞ்சுக்காரர்கள். குடுமி எப்போதும் பாரிஸ் கையில்தான்.

வைரம் உண்டுதான். ஆனால் அது ஆற்று மணலைச் சலித்துக் கையால் பொறுக்குகிற வைரம். கணிசமான பகுதி கடத்தலில் எல்லை தாண்டிவிடும். நினைவுப் பரிசாகக் கொடுக்க ஆகும், அரசாங்கம் நடத்தக் காணாது.

இனி முடிசூட்டு விழா. செலவு சுமார் 2 கோடி டாலர். நாட்டின் ஆண்டு பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு என்பது பரவலான கணக்கு. அதில் பெரும் பங்கு பிரெஞ்சு உதவியிலிருந்து வந்தது. என்னென்ன வாங்கினார்கள், எங்கே வாங்கினார்கள் என்று பாருங்கள். கழுகு வடிவச் சிம்மாசனம், எடை இரண்டு டன், முலாம் பூசிய வெண்கலம்: பிரெஞ்சுச் சிற்பி ஒலிவியே ப்ரீஸ். மகுடம்: பாரிஸின் ஆர்த்தூஸ்-பெர்த்ரான் நகை நிறுவனம். லட்சக்கணக்கில் முத்தும் மணியும் கோத்த அங்கி: நெப்போலியன் காலத்து வம்சாவளியைச் சொல்லிக்கொள்ளும் பாரிஸ் எம்பிராய்டரிக் கடை. சாரட்டு இழுக்க வெள்ளைக் குதிரைகள்: நார்மண்டி. பாங்குயிக்குக் கடல் கிடையாது. அதனால் விருந்தினருக்கான அறுபது மெர்சிடிஸ் கார்களைக் கேமரூன் வரை கப்பலில் கொண்டுவந்து, அங்கிருந்து விமானத்தில் ஏற்றினார்கள். ஷாம்பெயினும் உணவும் பிரான்சிலிருந்து பறந்து வந்தன. உதவி என்ற பெயரில் கிளம்பிய பணம் பாதி வழியிலேயே திரும்பி, பிரெஞ்சுக் கடைகளின் கல்லாவில் போய் விழுந்தது. பேரரசர் கையெழுத்து மட்டும் போட்டார்.

இதில் கிறுக்கு யாருக்கு என்று எனக்குச் சந்தேகம்தான். விழாவுக்கு ஜிஸ்கார் வரவில்லை. ஆப்பிரிக்க நாடுகளுக்கான உதவியைக் கவனிக்கும் ‘ஒத்துழைப்பு’ அமைச்சர் ரொபேர் கல்லேயை அனுப்பினார். பொகாசாவும் கணக்குத் தெரியாதவர் அல்லர். 1976 அக்டோபரில் லிபியப் பணத்துக்காக இஸ்லாத்துக்கு மாறி சலாஹுத்தீன் அஹமது என்று பெயர் வைத்துக்கொண்டவர், அதே டிசம்பரில் நாட்டைப் பேரரசாக அறிவித்தபோது கத்தோலிக்கர் ஆகிவிட்டார்.

விழா முடிந்தது, கஜானா காலி. அரசு ஊழியர் சம்பளமும் மாணவர் உதவித்தொகையும் பாக்கி விழுந்தன. அந்த நேரம் பார்த்து, பள்ளி மாணவர் அனைவரும் சீருடை வாங்கியே தீர வேண்டும் என்று உத்தரவு. துணி பேரரசர் குடும்பத்து வியாபாரம். சம்பளமே வராத தகப்பன் சீருடைக்கு எங்கே போவான்? 1979 ஜனவரியில் மாணவர் தெருவுக்கு வந்தனர். அடக்குவதற்கு அண்டை நாடான ஜயீரிலிருந்து (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டுவின் துருப்புகள் வந்தன. ஏப்ரலில் சிறுவர்களைப் பிடித்து ங்கராக்பா சிறையில் அடைத்தனர். சுமார் நூறு பிள்ளைகள் செத்ததாக மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி மே மாதம் வெளியிட்டது. பிரான்ஸ் முதலில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஐந்து ஆப்பிரிக்க நாடுகளின் நீதிபதிகள் குழு நேரில் விசாரித்து, படுகொலை உண்மை, அதில் பொகாசாவே பங்கெடுத்தது ஏறக்குறைய உறுதி என்று ஆகஸ்டில் அறிக்கை தந்த பிறகுதான் உதவியை நிறுத்தியது. ஐந்து வாரத்தில் ஆட்சி போய்விட்டது. அந்த ஆட்சி எதன் மேல் நின்றது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

போன விதத்தைத்தான் கட்டுரை ‘மக்கள் எழுச்சி’ என்கிறது. மாணவர்களின் தைரியத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நடந்தது இது. பணம் கேட்டு பொகாசா லிபியா போகும்வரை பிரெஞ்சுக்காரர்கள் காத்திருந்தார்கள். ஊரில் இருந்தால் சண்டை வரும், அவரைப் பிடித்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் அவர் வாயைத் திறப்பார். 1979 செப்டம்பர் 20 இரவு, பிரெஞ்சு உளவுத்துறையின் ‘கபான்’ நடவடிக்கையில் ஒரு சிறு படை, பாரிஸில் தங்கியிருந்த டாக்கோவையும் ஏற்றிக்கொண்டு, அண்டை நாடான சாட்டின் தலைநகர் என்ஜமேனாவிலிருந்து கிளம்பியது. பாங்குயி அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 950 கி.மீ.; டிரான்ஸால் ராணுவச் சரக்கு விமானத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முதலில் விமான நிலையம், அடுத்து வானொலி நிலையம். டாக்கோ வானொலியில் பேரரசு ஒழிந்தது என்று அறிவித்து, பிரான்சின் உதவியையும் கோரினார். அந்தக் கோரிக்கையை ஏற்று, ‘பாரகுடா’ என்ற பெயரில் அடுத்த துருப்புகள் வெளிப்படையாக வந்து இறங்கின. அழைப்பு விடுத்தவரே பிரெஞ்சு விமானத்தில் வந்து இறங்கியவர்.

இந்த வித்தை புதிதும் அல்ல. 1964 பிப்ரவரியில் கபோன் ஜனாதிபதி ம்பாவைக் கலகக்காரர்கள் பிடித்து வைத்திருந்தபோது, பிரெஞ்சுப் படை முதலில் இறங்கியது. துணை ஜனாதிபதியின் வேண்டுகோள் கடிதம் முன்தேதியிட்டுப் பிறகு தயாரானது.

லிபியாவிலிருந்து பொகாசா பறந்தது பிரான்சுக்கு. நானும் பிரெஞ்சுக் குடிமகன் என்றார். எவ்ரூ ராணுவ விமானத் தளத்தில் விமானத்தை நிறுத்தி, இறங்க விடாமல் வைத்திருந்து, ஐவரி கோஸ்டுக்கு அனுப்பினார்கள். அக்டோபர் 10 அன்று ‘லெ கனார் ஆன்ஷேனே’ வாரப் பத்திரிகை ஒரு தாளின் நகலை அச்சிட்டது: 1973-இல் நிதியமைச்சராக இருந்த ஜிஸ்காருக்கு 30 காரட் வைரங்கள் தரும்படி பொகாசா இட்ட உத்தரவு. மதிப்பை மிகைப்படுத்துகிறார்கள் என்று தொலைக்காட்சியில் மறுத்தார் ஜிஸ்கார். 1981 தேர்தலில் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

நரமாமிசக் கதை பெரிதாகக் கிளம்பியதும் அதே வாரங்களில்தான். குளிர்பதனப் பெட்டிக்குள் பிணம் என்று பாரிஸ் இதழ்கள் எழுதித் தள்ளின. 1986-இல் தானாகவே ஊர் திரும்பிய பொகாசாவை பாங்குயி நீதிமன்றம் விசாரித்து, 1987 ஜூனில் கொலைக் குற்றங்களுக்காக மரண தண்டனை விதித்தது (பிறகு குறைக்கப்பட்டது, 1993-இல் விடுதலை, 1996-இல் மரணம்). நரமாமிசக் குற்றச்சாட்டிலிருந்து அதே நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. கட்டுரை அதைத் தலைப்பிலேயே போட்டிருக்கிறது.

டாக்கோ இரண்டு வருஷம் தாங்கினார். 1981 செப்டம்பரில் ஜெனரல் கொலிங்பா ஆட்சியைப் பிடித்தார். அவர் பக்கத்தில் 1993 வரை உட்கார்ந்திருந்தவர் ழான்-க்ளோத் மான்சியோன் என்ற பிரெஞ்சு உளவு அதிகாரி. யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்பது பாங்குயியில் எல்லோருக்கும் தெரியும். அங்கி இல்லை, மகுடம் இல்லை. அதனால் நம் பத்திரிகைகளுக்கும் செய்தி இல்லை.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் தேதியையும் சரிசெய்யுங்கள். முடிசூட்டு நாள் டிசம்பர் 2 என்று அச்சாகியிருக்கிறது. அது நெப்போலியனுடையது, 1804. பொகாசா முடிசூடியது 1977 டிசம்பர் 4.

இப்படிக்கு,
ஒரு வாசகர், புதுச்சேரி