டியூஷனுக்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாள்

அன்புள்ள கயலுக்கு,

பெங்களூரிலிருந்து நீ அனுப்பிய, என் பேரன் கதிரின் நோட்டுப் படங்கள் வந்தன. போனில் சொன்னால் பாதியிலேயே உனக்கு மீட்டிங் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையிடமும் காட்டு. டியூஷன் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மூன்றாவது படம்.

403-லிருந்து 187-ஐக் கழித்து 384 என்று எழுதியிருக்கிறான். டீச்சர் அதை அடித்துவிட்டு 216 என்று போட்டிருக்கிறார். நீ அடியில் ‘கேர்லெஸ்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். கவனக்குறைவுக்கு ஒழுங்கு கிடையாது, ஒரு நாள் இங்கே வரும், ஒரு நாள் அங்கே வரும். இவன் தப்பில் ஒழுங்கு இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் எது மேலே, எது கீழே என்று பார்க்காமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறான்: 7-இல் 3 போனால் 4, 8-இல் 0 போனால் 8, 4-இல் 1 போனால் 3. அந்தப் பக்கத்தில் தப்பாய்ப் போன மற்றக் கணக்குகளையும் இதே மாதிரி போட்டுப் பார், அவன் விடை அச்சு அசலாக வரும். ஒன்றாம் வகுப்பில் ‘சின்னதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது’ என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பிள்ளை அதை விசுவாசமாகக் கடைப்பிடிக்கிறான், அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் தப்பைத்தான் இருபது தடவை பழகுவான்.

‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லே எனக்குப் பிடிப்பதில்லை. வாங்கிய கடனை எந்தக் கணக்கிலும் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லையே. சில்லறை மாற்றுவது என்று சொல். மேஜைமேல் நாலு நூறு ரூபாய்த் தாள், மூன்று ஒரு ரூபாய்க் காசு வை. பத்து ரூபாய்த் தாள் ஒன்றுகூட அவனிடம் இருக்கக் கூடாது, சில்லறைப் பெட்டி உன்னிடம் இருக்கட்டும். கடைக்காரருக்கு 187 சரியாகக் கொடுக்க வேண்டும். ஏழு ரூபாய்க்குக் காசு போதாது, பத்து ரூபாய்த் தாளும் இல்லை. ஆகவே ஒரு நூறை உன்னிடம் கொடுத்துப் பத்துப் பத்தாக வாங்குவான். அதில் ஒரு பத்தை மறுபடி காசாக மாற்றுவான். இப்போது கையில் 3 நூறு, 9 பத்து, 13 காசு. அந்த 9-தான் முக்கியம். நடுவில் பூஜ்யம் வந்தால் பாதிப் பிள்ளைகள் அங்கே 10 என்றே விட்டுவிடுவார்கள், ஏனென்றால் இரண்டாவது மாற்றல் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாளை மாற்றும் ஒவ்வொரு தடவையும் நோட்டிலும் அதே இடத்தில் அடித்து எழுத வேண்டும். முதலில் எல்லாம் மாற்றிவிட்டு அப்புறம் எழுதினால் பயனில்லை. முடித்ததும் 216-உம் 187-உம் கூட்டி 403 வருகிறதா என்று அவனே பார்க்கட்டும்.

நாளுக்கு நாலு கணக்கு போதும். அதில் இரண்டு மாற்றவே தேவையில்லாததாக இருக்கட்டும், 468-இல் 123 மாதிரி. எல்லாமே ஒரே வகையாக இருந்தால் யோசிக்காமல் நூறை உடைத்துக்கொண்டே போவான். மாற்றணுமா வேண்டாமா என்று முடிவெடுப்பதுதான் பாடம். இன்னொன்று, ‘எப்படிப் போட்டே கண்ணா?’ என்று சரியான விடைக்கும் கேள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்த உடனேயே ரப்பரைத் தேடுவான்.

அடுத்தது ஈ.வி.எஸ்., அதுதான் சுற்றுச்சூழல் பாடம். ‘நாலு தடவை படிக்க வைத்தேன், மறுநாள் ஒன்றும் ஞாபகமில்லை’ என்கிறாய். நாலு தடவை படித்ததுதான் கோளாறு. இரண்டாவது தடவையே வரிகள் பழகிவிடும், பழகியதை மனசு ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை படித்துவிட்டு, ஞாபகத்திலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை படித்தவர்களே முன்னால், பத்தியில் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது 81 சதவீதம், மற்றவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. பள்ளிப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

அதனால் இப்படிச் செய். பாடத்தை ஒரு தடவை நிதானமாகப் படிக்கட்டும். புத்தகத்தை மூடி அடுத்த அறையில் வை, கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள், ஐந்து நிமிடம். ஞாபகம் இருப்பதை எழுதலாம், படமாக வரையலாம், தமிழும் இங்கிலீஷும் கலந்திருந்தாலும் பரவாயில்லை. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிறப் பேனாவில் அவனே சேர்க்கட்டும். அந்த நிறம் எங்கே அதிகமோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் படித்தால் போதும். அதே பாடத்துக்கு மறுநாள் ஒரு புதுத்தாள், மூன்று நாள் கழித்து ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று. தேதியைத் தாளின் மூலையில் போட்டு வை.

இதில் கெடுவது பெரும்பாலும் நம்மால்தான். ‘காவிரி எங்கே பிறக்கிறது?’ என்று கேட்டுப் பிள்ளை திணறும்போது நம் வாய் சும்மா இருக்காது, ‘த... தல...’ என்று முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்துவிடுவோம். அவன் ‘தலக்காவேரி’ என்று முடிப்பான். தேடி எடுக்கிற வேலையை நீ செய்தாய், அவன் வாயசைத்தான். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணு. ‘கஷ்டமா இருக்கும்மா’ என்பான். கஷ்டமாகத்தான் இருக்க வேண்டும், அந்தத் தேடலில்தான் ஞாபகம் ஊன்றுகிறது. பெயர், ஊர் கேட்பதோடு நிறுத்தாமல் ‘ஏன்’ என்றும் கேள். பெங்களூருக்குக் காவிரித் தண்ணீரை ஏன் பம்பு வைத்து ஏற்றுகிறார்கள்? நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தண்ணீர் நூறு கிலோமீட்டர் அளவு தள்ளி, தாழ்வான இடத்திலிருந்து வருகிறது. இதைச் சொல்லத் தெரிந்தவனுக்கு நதி, மேடு, பள்ளம் மூன்றும் சேர்ந்து புரிந்திருக்கும். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும் நேரம் இதற்கு நல்ல நேரம், போன வாரப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி. அதற்கு மேல் வேண்டாம், வெளியே பார்க்கவும் பிள்ளைக்கு நேரம் வேண்டும்.

வாய்ப்பாடு. ராகம் போட்டு அழகாகச் சொல்கிறான், ரெக்கார்டிங் கேட்டேன். ஆனால் 7×8 என்று தனியாகக் கேட்டால் ஏழோரேழிலிருந்து ஆரம்பித்து ஓடி வருகிறான். பாட்டாகத் தெரியும், தனித்தனியாகத் தெரியாது. பத்து வரைக்கும் வாய்ப்பாட்டில் நூறு கட்டம். 3×8-உம் 8×3-உம் ஒன்றே என்று தெரிந்தால் 55 ஆகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு, அவற்றை எடுத்தால் 21. நாலு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு: 7, 14, 28. ஒன்பது என்பது பத்து மடங்கில் ஒரு பங்கு குறைவு: 9×7 என்றால் 70-இல் 7 போக 63. இவையும் போனால் மிஞ்சுவது பத்தே பத்து: 3×3, 3×6, 3×7, 3×8, 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. இந்தப் பத்துக்கு மட்டும் அட்டை வெட்டு, முன்னால் கணக்கு, பின்னால் விடை. மூன்று ஸ்வீட் டப்பா எடு. முதல் டப்பா தினமும், இரண்டாவது ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாவது வாரம் ஒருமுறை. சட்டென்று சொன்ன அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும், தப்பாகச் சொன்னால் எங்கிருந்தாலும் முதல் டப்பாவுக்கே திரும்பும். லைட்னர் என்பவர் 1972-இல் ஜெர்மன் மொழியில் எழுதி வைத்த முறை இது. ஒரே நாளில் பத்தையும் இறக்காதே, மூன்று மூன்றாக.

பின்னத்தில் 1/8-தான் 1/4-ஐவிடப் பெரியது என்று எழுதியிருக்கிறானே, அதற்குத் தமிழே மருந்து. 4-ஐவிட 8 பெரிது என்று கண் ஏமாற்றுகிறது. கால், அரைக்கால் என்று காதில் விழுந்தால் ஏமாறமாட்டான். காலில் பாதி அரைக்கால், பெயரிலேயே விடை இருக்கிறது. அதிலும் பாதி மாகாணி, 1/16. தோசையை மடித்து மடித்துக் காட்டிவிடு. வீட்டில் இங்கிலீஷில் பேசினால்தான் பள்ளிக்கூடம் புரியும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள், பின்பற்றாதே. தேர்ட்டீனும் தேர்ட்டியும் குழம்புகிற பிள்ளைக்குப் பதின்மூன்றும் முப்பதும் குழம்பாது.

கன்னடத்துக்குத்தான் நீ ரொம்பப் பயப்படுகிறாய். உண்மையில் அவனுக்குப் பாதி கன்னடம் முன்பே தெரியும். பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு, பூ ஹூவு. நம் சொல்லில் முதலில் வரும் ப அங்கே பல இடங்களில் ஹ. இப்படி ஒரு பட்டியல் அவனே சேர்க்கட்டும், வேட்டை மாதிரி இருக்கும். பாடம், புத்தகம் போன்ற வடமொழிச் சொற்களில் ப அப்படியே நிற்கும் என்பதையும் சொல்லிவிடு, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் ஹ ஆக்கிவிடுவான். நம் வ அங்கே பல சொற்களில் அம்பு என்பதில் வரும் ப ஆகும்: வா, பா. பார், தமிழில் எழுதும்போதே ஒரே ப இரண்டு வேலை பார்க்கிறது. டிக்டேஷனில் அவன் மாட்டுகிற இடமும் அதுவே. நமக்கு ஒரு க, அவர்களுக்கு நாலு. கையைத் தொண்டையில் வைத்து ‘கல்’ என்றும் ‘தங்கம்’ என்றும் சொல்லச் சொல். இரண்டாவது க-வில் தொண்டை அதிரும். மூச்சு சேர்ந்த எழுத்துக்கு உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாள் துண்டைத் தொங்கவிடு, சரியாகச் சொன்னால் தாள் ஆடும். காதால் பிரித்த பிறகுதான் கையால் எழுத வேண்டும். 2024 சட்டத் திருத்தத்துக்குப் பின் கடைப் பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், படிக்க ஊரே புத்தகம். நடக்கும்போது நாளுக்கு மூன்று பலகை.

இனி டியூஷன். மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கையே மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நீ பார்த்துவைத்த இடத்தில் ஒரே நாளில் இரண்டு மணி. அங்கே மறுபடி விளக்குவார்கள், அவனுக்கு விளக்கம் குறைவில்லை. சாயங்காலம் சாப்பிட்டு விளையாடிவிட்டு வந்தபின் 25 நிமிடம் போதும், நாலு கணக்கு, ஒரு வெள்ளைத்தாள், அட்டை டப்பா. மாப்பிள்ளை ஐடிபிஎல் ஆபீஸ் வளாகத்திலிருந்து எட்டரைக்கு வந்து அப்புறம் உட்கார வைப்பது வேண்டாம். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும், தூக்கத்தை வெட்டினால் படித்ததும் சேர்ந்து போகும்.

பி.டி.எம்., அதாவது பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்குப் போகும்போது ‘எப்படிப் படிக்கிறான்?’ என்று கேட்காதே, ‘குட்’ என்று ஒரு பதில் வரும். அந்த 384-ஐக் காட்டி, இந்த வகைத் தப்பு வகுப்பிலும் வருகிறதா என்று கேள். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கிற டீச்சருக்கு இது உதவியாகவும் இருக்கும். இரண்டு மாதம் இப்படிச் செய்தும் வாசிக்கும்போது வரி தாண்டினாலோ எழுத்து மாறினாலோ, முதலில் கண் டாக்டர். கண் சரியாக இருந்தும் தொடர்ந்தால், உங்கள் ஊர் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் கற்றல் குறைபாட்டுக்கான சோதனை இருக்கிறது. கதிரின் நோட்டில் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை, பயப்படாதே.

ஞாயிற்றுக்கிழமை 502-இல் 267 போட்டுப் படம் அனுப்பச் சொல். அடித்து மாற்றிய இடங்கள் தெரிய வேண்டும், ரப்பர் வேண்டாம். 235 வந்தால் எப்படிப் போட்டான் என்று கேட்டு எழுது. 365 வந்தால் அவனிடம் ஒன்றும் சொல்லாமல் எனக்கு அனுப்பு. நாரத்தங்காய் ஊறுகாயை அடுத்த வாரம் வருகிறவர்களிடம் கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
அம்மா