சித்திரா பௌர்ணமிக்குள் 365,000 ரூபா: எங்கள் பிள்ளைகளின் கணக்குப் பட்டறைக்காக ஒரு வேண்டுகோள்

கொட்டாஞ்சேனை, கொழும்பு 13

அன்புடையீர், வணக்கம்.

தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 15 முதல் 18 வயது வரையான 40 பிள்ளைகளுக்கு வாசிகசாலை மண்டபத்தில் நாம் நடத்தவிருக்கும், காசைக் கையாளவும் தொழிலை அறியவும் பழக்கும் இரண்டாவது கணக்குப் பட்டறைக்கு வேண்டியது 580,000 ரூபா. கையில் இருப்பது 215,000. மிகுதி 365,000 ரூபாவும் சித்திரா பௌர்ணமிக்குள் சேர்ந்தாக வேண்டும். அதற்கு அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்குகிறது. காசு சேராவிட்டால், பெயர் கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் வீட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். யாரை அனுப்புவது என்று தீர்மானிக்க எங்கள் குழுவில் ஒருவருக்கும் மனமில்லை.

நாள் குறிக்கும்போது எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், "சித்திரபுத்திரனார் ஏடு திறக்கிற நாளிலே பட்டியலை முடியுங்கோ, ஆர் தந்தது ஆர் தராதது எண்டு அவருக்கும் சுகம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் நாள் அப்படியே நின்றுவிட்டது.

இந்த வாசிகசாலைக்கும் கணக்குக்கும் உள்ள உறவு புதிதல்ல. இதைத் தொடங்கியவர்கள் துறைமுகத்து எழுதுவினைஞர்களும் செட்டியார் தெருக் கணக்குப்பிள்ளைகளும்தான். 1934இல் அமைந்த வங்கி ஆணைக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1939இல் இலங்கை வங்கி தோன்றும்வரை, புறக்கோட்டையின் உள்ளூர் வியாபாரிக்குக் கடன் என்றால் பெரும்பாலும் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் கிட்டங்கிதான், அதாவது அவர்களின் வட்டிக்கடைதான். அந்தக் கிட்டங்கிகளில் பேரேடு எழுதிப் பழகிய கைகள்தான் இங்கே மாலையில் வந்து சிறுவர்களுக்கு ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கு, போடச் சொல்லிக் கொடுத்தன. சம்பளம் வாங்கவில்லை, தேநீர்க் காசுகூடத் தங்கள் சட்டைப்பையிலிருந்து. முதல் வகுப்பை எடுத்தது யாருடைய பாட்டனார் என்பதில் இரண்டு குடும்பங்களுக்கு இன்றும் வழக்கு. அதற்குள் நாம் போகவில்லை. 1983 யூலையில் அலுமாரிகள் எரிந்தபோது மிஞ்சியது ஒரேயொரு நன்கொடைப் பேரேடு. ஓரம் கருகிய அந்தப் புத்தகத்தில் 25 சதம் தந்தவரின் பெயரும் முழுதாக எழுதப்பட்டிருக்கிறது.

அப்படிப்பட்ட மண்டபத்தில் இருந்துகொண்டு நாம் கண்ட காட்சி வேறு. வர்த்தகப் பாடத்தில் ஏ எடுத்த பையன், 300,000 ரூபாவுக்கு மோட்டார் சைக்கிள் லீசிங் எடுத்தான். "15 சதவீதம்தானே" என்றான். மூன்று வருடமும் முழுத் தொகைக்கும் வருடத்துக்கு 15 சதவீதம் என்றால் வட்டி 135,000. மாதத் தவணை 12,083. கட்டக் கட்ட கடன் முதல் குறைந்துகொண்டு வர, வட்டி மட்டும் குறையாமல் நிற்கிறது. உண்மையில் அவன் கட்டுவது வருடத்துக்கு ஏறத்தாழ 26 சதவீதம். இதைப் பரீட்சையில் கேட்டிருந்தால் சரியாக எழுதியிருப்பான். இன்னொரு பிள்ளை நாலு வருடம் கடையில் வேலை செய்தும் ஓய்வுகாலத்துக்கென்று சேரும் ஊழியர் சேமலாப நிதி என்ற பெயரையே கேட்டதில்லை. தன் சம்பளத்தில் 8 சதவீதம், முதலாளி போட வேண்டியது 12, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளியே போட வேண்டியது 3 என்று சொன்னபோது அழுதுவிட்டது. பிரமிட் திட்டத்தில் சேர்ந்து, தாயின் காப்பை அடகு வைத்தவர்களும் நம் ஒழுங்கைகளில்தான் இருக்கிறார்கள். ஆள் பிடித்துக் காசு சேர்க்கும் அந்த வேலை வங்கித்தொழில் சட்டப்படி குற்றம் என்று அவர்களுக்கு யார் சொன்னது? 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்னிருந்ததைவிட ஏறத்தாழ 70 சதவீதம் ஏறி நின்றதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். உண்டியலில் போட்டு வைத்த காசுக்கு என்ன நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தத்தான் நமக்கு நேரம் கிடைக்கவில்லை.

சென்ற வருடம் 24 பிள்ளைகளோடு தொடங்கினோம். கரும்பலகைப் பாடம் குறைவு. நாலு பேர் கொண்ட குழுவுக்கு 15,000 ரூபா கடனாகக் கொடுத்து, "போய் வியாபாரம் செய்து வாருங்கோ" என்றோம். ஒரு குழு நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த விலைக்கு மிளகாய்த்தூளும் மல்லியும் எடுத்து, பொதி கட்டி, வீடு வீடாக விற்றது. ஒரு குழு வெசாக் கூடு, அந்தக் கடதாசி விளக்கு, கட்டியது. வெசாக்குக்கு மழை வரும் என்பது கொழும்பில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா? தெரியவில்லை. கடதாசி எல்லாம் கரைந்து 4,300 ரூபா நட்டம். ஒரு பிள்ளையின் தகப்பனார் இரவோடிரவாக அந்தக் காசைக் கொண்டுவந்து, பிள்ளைக்குச் சொல்லாமல் நிரவிவிடச் சொன்னார். நல்ல மனிதர். வாங்கவில்லை. குழுவே நட்டத்தைப் பேரேட்டில் எழுதி, விடுமுறையில் அச்சகம் ஒன்றில் அட்டை மடித்து அந்தக் கடனை அடைத்தது. பட்டறை முழுவதிலும் எங்களுக்குப் பிடித்த பக்கம் அதுதான். இம்முறை வியாபாரம் ஆடிவேல் திருவிழாவுக்கு. மழை பற்றிப் பிள்ளைகளே ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.

தொழில் வழிகாட்டலும் அப்படியே. டாக்டர், எஞ்சினியர், அது தப்பினால் வெளிநாடு என்ற மூன்று வரிக்குள் பெற்றோர் நிற்கிறார்கள். குளிரூட்டி திருத்துகிறவரோடும், கணக்காய்வு அலுவலகத்திலும், பேக்கரியிலும் பிள்ளை மூன்று நாள் நின்று பார்க்கட்டும். தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள் உண்டு, ஏழாவது பட்டத்துக்குச் சமம் என்பதை அறிந்து வரட்டும். பிறகு டாக்டராகட்டும், யார் வேண்டாம் என்றது?

செலவு விபரம்: எட்டுக் குழுக்களுக்குக் கடன் முதல் 120,000. பயிற்றுநர் கொடுப்பனவு, 16 ஞாயிறுக்கு 144,000. பேரேடும் அச்சும் 48,000. தொழிலிடப் பயணமும் காப்புறுதியும் 112,000. சிற்றுண்டி ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 150 வீதம் 96,000. மின்கட்டணமும் கழன்று தொங்கும் இரண்டு மின்விசிறிகளும் 60,000. ஒரு பிள்ளைக்கு 14,500 ரூபா விழுகிறது. கடன் முதல் திரும்பி வந்தால் அது அடுத்த வருடத்துக்கு.

சென்ற முறை கை கொடுத்தவர்களை மறக்கவில்லை. கேட்ட அன்றே 50,000 ரூபா தந்து, பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிய செட்டியார் தெரு நகைக்கடைக்காரர். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு நேர்ந்து வைத்த காசை, "அவர் கோவிக்க மாட்டார்" என்று எங்கள் கையில் தந்த அம்மா. ரொறன்ரோவிலிருந்து மாதம் தவறாமல் அனுப்பும் பழைய வாசகர்கள். கடனுக்கு மல்லி தந்து, தராசு பிடிக்கவும் சொல்லிக் கொடுத்த புறக்கோட்டை முதலாளி. தன் சீட்டுக்காசில் 2,000 எடுத்துத் தந்த இடியப்பக்கார அக்கா. கணக்கைச் சும்மா பார்த்துத் தந்த ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். உங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நல்லாய் இருக்க வேண்டும்.

இனி ஒரு சங்கடமான விடயம். சென்ற முறை பட்டியலில் தொகை எழுதிக் கையெழுத்திட்ட 17 பேரிடமிருந்து இன்னும் வரவில்லை. பெயர்களைப் பலகையில் ஒட்ட மாட்டோம், பயப்பட வேண்டாம். ஆனால் கணக்கை இப்போது எழுதுவது பிள்ளைகள். இதை ஐயக்கடன் (வருமோ வராதோ என்ற கடன்) என்று போடுவதா, அறவிடமுடியாக் கடன் என்று போடுவதா என்று போன கிழமை ஒரு பிள்ளை எங்களைக் கேட்டது. திருவிழா வாணவேடிக்கைக்கு அள்ளிக் கொடுத்த ஒழுங்கை இது. எங்களுக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. சித்திரா பௌர்ணமி வரைக்கும் அந்த வரியைப் பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

ஞாயிறு காலை 9 முதல் 12 வரை வாசிகசாலையில் பொருளாளர் இருப்பார். பணமோ காசோலையோ, பற்றுச்சீட்டுப் பெறாமல் கொடுக்க வேண்டாம். எங்கள் குழு உறுப்பினர் என்று சொல்லி யார் வந்தாலும் அப்படித்தான். வங்கிக் கணக்கு விபரம் பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் பின் அட்டையில் உண்டு. காசு இல்லாதவர்கள் மூன்று நாளைக்கு ஒரு பிள்ளையைத் தங்கள் தொழிலிடத்தில் சேர்த்துக்கொண்டாலும் அதையும் பேரேட்டில் வரவு வைப்போம்.

இங்ஙனம்,
செயற்குழுவினர்