குறிப்புப் பத்தியையும் சேர்த்துத் தட்டச்சு செய்யுங்கள்

சென்னையின் பழைய மழைப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, இயந்திரக் கற்றல் வழியாக வெள்ளத்தை முன்கூட்டியே கணிக்க முயலும் இளம் பொறியாளர்களுக்கும், அந்த வேலைக்குக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும்

அன்புடையீர்,

வணக்கம். தென்சென்னையில் ஓர் அலுவலக வளாகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மழைமானி பார்த்தவன் நான். சம்பளப் பட்டியலில் என் வேலை எழுத்தர். மழைமானி கூடுதல் பொறுப்பு. அதற்கென்று தனிப் படி எதுவும் கிடையாது. காலை 8.30 மணிக்கு வேலிப் பூட்டைத் திறந்து, உருளையின் மேல் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் பாட்டிலை எடுத்து, தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்ற வேண்டும். மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர் என்றால், 20 மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் மழை. கண்ணாடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தண்ணீர் நடுவில் குழிந்து நிற்கும் அடிவிளிம்பைப் பார்த்து எழுத வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் கணக்கு மாறிவிடும். நான் குனிந்துதான் பார்த்தேன். என் விடுமுறையில் பார்த்தவர்கள் எல்லாரும் குனிந்தார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் மைத்துனர் மகள். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் தரவுப் பொறியாளராக இருக்கிறாள். போன மாதம் வீட்டுக்கு வந்தவள் மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினாள். நகரத்தின் பல பதிவேடுகளைத் தட்டச்சு செய்து சேர்த்த கோப்பை ஒரு மாடலுக்கு, அதாவது எண்களில் ஒழுங்கைத் தேடிக் கணிக்கும் கணினி நிரலுக்கு, கொடுத்திருக்கிறார்கள். அது கண்டுபிடித்த ஒழுங்குகளில் ஒன்று, கிழமை.

"மாமா, சில இடங்களில் ஞாயிற்றுக்கிழமை மழை குறைவு, திங்கட்கிழமை அதிகம். வார நாள்களில் வண்டிப் புகை அதிகமாக இருப்பதால் மேகம் மாறுகிறதோ என்று எங்கள் குழுவில் பேசிக்கொண்டிருக்கிறோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வெட்கமாகவும் இருந்தது. அந்த ஒழுங்கு மேகத்தில் இல்லையம்மா, என்னிடம் இருக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும். சனிக்கிழமை காலைக்குப் பிறகு பெய்ததெல்லாம் பாட்டிலில் சேர்ந்து கிடக்கும். திங்கள் காலை நான் அளந்து, இரண்டு நாள் மழையையும் திங்கட்கிழமைக்கு எதிரில் எழுதுவேன். பக்கத்தில் 'குறிப்பு' என்ற கடைசிப் பத்தியில், அதாவது பதிவேட்டின் கடைசி நெடுக்கு வரிசையில், "ஞாயிறு சேர்த்து" என்றும் எழுதியிருப்பேன். அவளுடைய கோப்பில் அந்தப் பத்தியே இல்லை. தேதி, நிலையம், மில்லிமீட்டர் ஆகிய மூன்று கட்டங்கள்தான். தட்டச்சு செய்தவருக்குக் கொடுத்த படிவத்தில் சொற்களுக்கு இடமில்லை. எண்களுக்கு மட்டுமே இடமிருந்தது.

நம் ஊர் சோம்பல் என்று இதை எண்ணிவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் உயர்தரம் என்று பொறுக்கியெடுத்த மழைப் பதிவுகளிலேயே இதே ஞாயிற்றுக்கிழமைக் குறைவு இருப்பதை 2004-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எந்த நாட்டிலும் மழைமானி பார்ப்பவனுக்கு ஞாயிறு வருகிறது.

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது செய்யச் சொன்னதைச் செய்தது. எண்களுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது, கண்டுபிடித்தது. மழையின் ஒழுங்கையும் மழையை எழுதியவனின் ஒழுங்கையும் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. வழி அந்தக் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் விட்டுவிடுகிறீர்கள்.

இன்னொன்று, கிழமையை விடப் பெரிய வில்லங்கம். டிசம்பர் 2 என்று தேதியிட்ட மழை, டிசம்பர் 1 காலை 8.30 முதல் 2 காலை 8.30 வரை பெய்தது. பெரும்பகுதி முதல் நாள் பகலிலும் இரவிலும் பெய்திருக்கும். தண்ணீர் தேங்கியதாக வரும் புகார்களோ நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையிலான நாட்கணக்கில் பதிவாகின்றன. இரண்டையும் தேதியை வைத்து ஒட்டினால், மழை பெய்வதற்கு முதல் நாளே வேளச்சேரியில் தண்ணீர் தேங்குகிறது என்று வரும். மாடல் அதைக் கேள்வி கேட்காது. 'முதல் நாள் புகார்' மறுநாள் மழையை அருமையாகக் கணிக்கிறது என்று அதற்கு முதல் மதிப்பெண் கொடுக்கும். மாடலுக்கு அதிகம் உதவிய துப்புகள் என்று என் மைத்துனர் மகள் வைத்திருந்த பட்டியலில் மேலிருந்து மூன்றாவதாக நின்றது இதுதான்.

வரிசையில் அடுத்தது பூஜ்யம். நான் எழுதிய 0.0 என்பது பாட்டில் காய்ந்திருந்ததைக் குறிக்கும். காலியாக விட்ட கட்டம், நான் அளக்கவில்லை என்பதைக் குறிக்கும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். 2015 டிசம்பர் 1 இரவு என் வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். மறுநாள் காலை முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டர் பதிவானது. சுமார் இருபது கிலோமீட்டர் இடைவெளியில் இத்தனை வித்தியாசம். எங்கள் வளாகத்தில் எவ்வளவு பெய்தது? யாருக்கும் தெரியாது. 4-ஆம் தேதிதான் என்னால் அங்கே போக முடிந்தது. வேலிக் கம்பிகளில் நெகிழிப் பைகள் தொங்கின. பாட்டிலுக்குள் காப்பி நிறத்தில் சேற்றுத் தண்ணீர். அது வானத்திலிருந்து வந்ததல்ல, அடையாற்றிலிருந்து வந்தது. மூன்று கட்டங்களையும் காலியாக விட்டு, குறிப்பில் "வெள்ளம், மானி மூழ்கியது" என்று எழுதினேன். கோப்பில் அந்த மூன்று நாளும் பூஜ்யம். நகரமே மிதந்த நாளில் எங்கள் வளாகம் காய்ந்து கிடந்ததாக உங்கள் கணினி நம்பிக்கொண்டிருக்கிறது.

கவனியுங்கள்: பதிவு விடுபடுவது ஏதோ ஒரு நாளில் அல்ல. எந்த நாளைக் கணிக்க வேண்டுமோ, சரியாக அந்த நாளில்தான் விடுபடுகிறது. புகார்களிலும் இதே கதைதான். கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவர் போனை உலர வைப்பாரா, புகார் எண்ணுக்கு அழைப்பாரா? கணுக்காலளவு நின்ற தெருவிலிருந்து நாற்பது அழைப்பு வரும். குடிசைகள் மூழ்கிய கரையோரத்திலிருந்து ஒன்றும் வராது. புகார்களை மட்டும் வைத்துப் பயிற்சி பெற்ற மாடல், அந்தக் கரையைப் பத்திரமான இடம் என்று பச்சை நிறத்தில் காட்டும். அடுத்த மழைக்குப் படகு எங்கே போகும் என்பதை அந்தப் பச்சை முடிவு செய்யும்.

சரி, இந்த வேலையே வேண்டாம் என்கிறேனா? இல்லை. வேண்டும். இருபத்தாறு ஆண்டு பார்த்ததில் எனக்கே பிடிபடாத ஒன்று உண்டு. ஐப்பசியில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் எங்கள் தெருவில் மாலைக்குள் வடிந்துவிடும். அதே பத்து சென்டிமீட்டர் கார்த்திகை கடைசியில் பெய்தால் மூன்று நாள் நிற்கும். இதில் மழை மட்டும் பேசவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியின் 24 அடியில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, மண் ஏற்கெனவே எவ்வளவு குடித்திருக்கிறது, அந்த நேரத்தில் கடல் ஏற்றமா இறக்கமா, முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறதா, பள்ளிக்கரணைச் சதுப்பில் இன்னும் இடம் இருக்கிறதா என்று எல்லாம் கூடிப் பேசுகின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது. மனிதத் தலையில் மூன்று பத்திகளை ஒன்றாக நிறுத்திப் பார்க்கலாம். நாற்பதை நிறுத்த முடியாது. இயந்திரத்தால் முடியும். முடிவு மரம் என்கிறார்களே, அதை என் மைத்துனர் மகள் சொல்லக் கேட்டபோது எங்கள் பழைய பொறியாளர் ஒருவர் கேள்வி கேட்கும் விதம் நினைவுக்கு வந்தது. "நேற்று ஆறு சென்டிமீட்டர் தாண்டியதா? தாண்டியது என்றால், ஏரி இருபத்திரண்டு அடிக்கு மேலா? மேல் என்றால், நள்ளிரவில் கடல் ஏற்றமா?" இப்படி நூற்றுக்கணக்கான மரங்களை வேறு வேறு நாள்களைக் கொடுத்து வளர்த்து, எல்லாவற்றையும் ஓட்டுப் போட வைத்தால் அது ஒரு காடு. ஒரு மரம் தவறினாலும் காடு பெரும்பாலும் தவறுவதில்லை. அருமையான யோசனை.

பல பத்திகளை ஒன்றோடொன்று மோதவிட்டு மழையின் ஒழுங்கைத் தேடுவது இந்த நாட்டுக்குப் புதிதும் அல்ல. 1904-இல் இந்திய வானிலைத் துறையின் தலைமைக்கு வந்த கில்பர்ட் வாக்கர் கணித மேதை. உலகின் பல மூலைகளிலிருந்து வந்த காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகிய எண்களை இந்திய எழுத்தர்களை வைத்துக் கையால் கூட்டிப் பெருக்கி, எது எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்த்தார். மெஷின் லேர்னிங்கில் மெஷின் மட்டும் அன்று இல்லை. பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்கும் அந்தத் தெற்கத்தி ஊசலை 1920களில் கண்டறிந்தது அப்படித்தான். இன்று எல்நினோவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தக் கூட்டல் கழித்தலின் மேல்தான் நிற்கிறோம். சென்னைக்காரர்களுக்கு அவரிடம் இன்னொரு கடனும் உண்டு. 1913-இல் இங்கே வந்தபோது துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜனின் கணக்குகளைக் காட்டினார்கள். பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. எழுத்தர்களின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கத் தெரிந்த அதிகாரி. (எனக்கு அவர்மேல் இருக்கும் பிரியத்துக்கு இதுதான் காரணம், மறைப்பானேன்.)

அதே வாக்கர் 1914-இலேயே ஓர் எச்சரிக்கையும் எழுதி வைத்தார். நிறையத் தொடர்புகளைச் சோதித்தால், அவற்றில் மிகப் பெரியதாகத் தெரிவது வெறும் தற்செயலாகவும் இருக்கலாம்; எத்தனையைச் சோதித்துப் பார்த்து இதைப் பொறுக்கினாய் என்ற கணக்கையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்றார். மழையோடு சம்பந்தமே இல்லாத இருபது பத்திகளை, தற்செயலால் நூற்றில் ஐந்து தேறினால் போகட்டும் என்று விடும் வழக்கமான ஐந்து சதவீத அளவுகோலில் சோதித்தால், சராசரியாக ஒன்று தேறிவிடும். அவர் பருவமழைக்குப் பிடித்து வைத்த துப்புகளில் பல பின்னாளில் வலுவிழந்தும் போயின. நீங்கள் சோதிப்பது இருபது பத்திகள் அல்ல, ஆயிரக்கணக்கில்.

ஆகவே மாடல் தேறிவிட்டது என்று யாராவது கோப்பைக் கொண்டுவந்தால், கையெழுத்திடும் அதிகாரிகள் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் நாள்களை எப்படிப் பிரித்தீர்கள் என்பது முதல் கேள்வி. சீட்டுக் குலுக்குவதுபோல் மணி நேரப் பதிவுகளைக் கலைத்துப் பிரித்திருந்தால், ஒரே புயலின் மூன்று மணி நேரம் பாடப் புத்தகத்திலும் நான்கு மணி நேரம் கேள்வித்தாளிலும் இருக்கும். அது கேள்வித்தாளை முன்பே பார்த்த மாணவன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை முழுதாக ஒளித்து வைத்துவிட்டு, அதற்கு முந்தியதை மட்டும் படித்து அதைச் சொல்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, 98.6 சதவீதம் துல்லியம் என்றால் என்ன பொருள் என்பது. ஆண்டில் ஐந்து நாள் வெள்ளம் வரும் தெருவில், "இன்று வெள்ளம் இல்லை" என்று தினமும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கிளி ஜோசியத்துக்கும் அதே 98.6 கிடைக்கும். அந்த ஐந்து நாளில் எத்தனையைப் பிடித்தது என்று மட்டும் கேளுங்கள்.

பொறியாளர்களே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்த்து, குறிப்புப் பத்தியில் இருப்பதை இருக்கிறபடியே தட்டச்சு செய்யுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம். அந்தச் சொற்களை எண்ணாக மாற்றுவது உங்களுக்குப் பெரிய வேலையில்லை: சேர்த்து அளந்த நாள், அளக்காத நாள், மானி பழுதான நாள் என்று மூன்று அடையாளம் போதும். ஏற்கெனவே முடிந்த பதிவேடுகளை மறுபடி எடுக்கச் செலவாகும் என்பது தெரியும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழிப் பக்கங்களையாவது எடுங்கள்.

என் கையெழுத்தில் இருக்கும் பக்கங்கள் வந்தால் உதவிக்கு இதோ விளக்கம். 'ஞா.சே.' என்றால் ஞாயிறு சேர்த்து. 'சா.இ.' என்றால் வேலியின் சாவி இல்லை, அன்று அளக்கவில்லை. வட்டமிட்ட எண்கள் என் ஊகம். காக்கை புனலில் கூடு கட்டிய இரண்டு வாரம் முழுக்க வட்டமாகவே இருக்கும். எங்கள் பாட்டில் 4 லிட்டர், அதாவது 200 மில்லிமீட்டர் வரைதான் தாங்கும். அதற்கு மேல் வழிவது வெளி உருளையில் நிற்க வேண்டும், எங்கள் உருளையிலோ விரிசல் இருந்தது. அந்த நாள்களில் எண்ணுக்குப் பின்னால் பென்சிலில் ஒரு சிறிய கூட்டல் குறி போட்டிருப்பேன், குறைந்தது இவ்வளவு என்ற பொருளில். அழுக்கு என்று நினைத்து விட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவன்,
வேளச்சேரி